ஓடுகிற வண்டியில் உதடு பதமாகாது

பேண்டு செட்டுக்காரர்கள் மத்தியில் ஒரு கருத்து கேள்வி கேட்பாரின்றி உலவுகிறது. நிகழ்ச்சிக்குப் போகும் வழியிலேயே, வண்டிக்குள் உட்கார்ந்தபடியே டிரம்பெட்டையும் டிராம்போனையும் ஊதி உதட்டைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும்; மண்டப வாசலில் இறங்கிய கையோடு பாட்டைத் தொடங்கிவிட வேண்டும் என்பது அது. பெரம்பலூரிலிருந்து ஜெயங்கொண்டத்துக்குக் கல்யாண மேளத்துக்குப் போகிற செட்டானாலும் சரி, அரியலூரிலிருந்து ஏலாக்குறிச்சி தேர்பவனிக்குப் போகிற செட்டானாலும் சரி, மாஸ்டர் சொல்வது இதைத்தான். "வழியில சும்மாதானே வர்றீங்க, ஊதிக்கிட்டே வாங்கடா." கூப்பிட்ட வீட்டாருக்கும் இதில் மகிழ்ச்சி. ஐந்தரைக்கு வண்டி வந்து நின்று, அடுத்த நிமிடமே மாப்பிள்ளை அழைப்பு கிளம்பிவிட்டால் "சுறுசுறுப்பான செட்டு" என்று பேர்.

இந்தக் கருத்து தப்பு. சில நேரம் சரி, சில நேரம் தப்பு என்று பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. இதனால் உதட்டுக்கு நன்மை இல்லை, சுருதிக்கு நன்மை இல்லை, வண்டியில் இருக்கிறவர்களின் காதுக்கும் பல்லுக்கும் கேடு. எல்லாவற்றுக்கும் மேலாக, அழைத்தவர்கள் கொடுக்க வேண்டிய கால் மணி நேரத்தை ஊதுகிறவன் தன் பயணத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும்படி இது செய்கிறது.

முதலில் உதட்டைச் சொல்கிறேன். கிளாரினெட்டில் அதிர்வது ரீடு. சாக்ஸபோன் பித்தளையில் செய்ததுதான் என்றாலும் அதிலும் அதிர்வது ரீடுதான். டிரம்பெட், டிராம்போன், யூஃபோனியம், டியூபா இவற்றில் ரீடு கிடையாது. ஊதுகிறவனின் உதடுதான் ரீடு. நடுத்தரமான ஒரு சுரத்துக்கே டிரம்பெட்காரனின் உதடு நொடிக்கு 400 தடவைக்கு மேல் அதிர வேண்டியிருக்கிறது. அந்தச் சதையையும் அதைச் சுற்றி வளையமாக ஓடும் தசையையும் எழுப்பி, ரத்தம் ஓடவிட்டு, பதத்துக்குக் கொண்டுவருவதுதான் சூடுபண்ணுதல். அதற்கு ஒழுங்கு உண்டு. கீழ் சுரங்களில், மெதுவாக, நீளமாக, அழுத்தமே இல்லாமல் தொடங்க வேண்டும். ஊதிய நேரம் அளவுக்கு உதட்டுக்கு ஓய்வும் கொடுக்க வேண்டும். மௌத்பீஸ் உதட்டின் மேல் ஒரே இடத்தில், ஒரே அளவு பாரத்தோடு உட்கார்ந்திருக்க வேண்டும்.

இதில் எதைக் குட்டியானையின் பின்தட்டில் செய்ய முடியும்? 2005இல் குட்டியானை எனப்படும் டாடா ஏஸ் வந்ததிலிருந்து சின்ன செட்டுகளின் வாகனம் பெரும்பாலும் அதுதான். பெரிய டிரம்மும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியும் ஏறியது போக மிச்ச இடத்தில் ஆட்கள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காருகிறார்கள். வயிறு மடங்கியிருக்கும்போது மூச்சு நெஞ்சுக்கு மேல்தான் நிற்கும், அடிவயிற்றிலிருந்து எழும்பாது. மூச்சு போதாதவன் என்ன செய்வான்? மௌத்பீஸை உதட்டில் அழுத்துவான். அழுத்தினால் சத்தம் வரும், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அழுத்தத்தில் உதட்டின் ரத்த ஓட்டம் நிற்கிறது. பதமாக்குகிறேன் என்று தொடங்கியவன் மரத்துப்போன உதட்டோடு இறங்குகிறான். அதற்குப் பிறகு இரண்டு மூன்று மணி நேரம் தெருத்தெருவாக ஊத வேண்டும். கடைசித் தெருவில் டிரம்பெட் பிசிறடித்து, மேல் சுரம் எட்டாமல், சாக்ஸபோன்காரர் மட்டும் பாட்டை இழுத்துக்கொண்டு போவதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். "ஆளு குடிச்சிருக்கான்" என்று கூட்டத்தில் யாராவது சொல்வார்கள். அவன் உதடு வழியிலேயே செலவழிந்துவிட்டது என்று யாரும் சொல்வதில்லை.

வேகத்தடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெரம்பலூர் நகருக்கு ரயில் கிடையாது. கார்டு லைனில் இருக்கும் அரியலூரில் ரயில் நின்றாலும், மேளக்காரர்கள் போக வேண்டிய ஊர்களில் பெரும்பாலானவற்றுக்கு ரயிலில் போக முடியாது. ஆகவே எல்லாம் சாலைப் பயணம். ஊருக்கு ஊர், பள்ளிக்கூடத்துக்குப் பள்ளிக்கூடம் வேகத்தடை. அதில் பாதிக்கு வெள்ளைக்கோடு அழிந்து போயிருக்கும். மௌத்பீஸ் என்பது கெட்டியான உலோகம். உதட்டுக்குப் பின்னால் அரை அங்குலம்கூடத் தள்ளியில்லாமல் முன்பற்கள் இருக்கின்றன. டிரைவர் தெரியாமல் ஒரு தடையில் ஏற்றி இறக்கினால் அந்த உலோகம் எங்கே போய் இடிக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. ஒரு முன்பல் போனால் பேங்க் குமாஸ்தா மறுநாள் வேலைக்குப் போகலாம். டிரம்பெட்காரனுக்கு அதோடு தொழில் போனது போலத்தான். பல் கட்டிக்கொண்டாலும் உதடு உட்காரும் இடம் மாறிவிடும். மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும். உதட்டுத் தசையே கிழிந்து போவதும் இந்தத் தொழிலில் உண்டு. உதடு வெடித்து வெடித்து அவதிப்பட்ட டிரம்பெட் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்கின் செல்லப்பெயரை வைத்துத்தான் மருத்துவர்கள் அந்தக் காயத்துக்கு 'சாட்ச்மோ சிண்ட்ரோம்' என்று பெயர் சூட்டினார்கள். அவ்வளவு பெரிய கலைஞனுக்கே உதடு மிஞ்சவில்லை.

அடுத்தது தூசி. இது எங்கள் பக்கத்துக்கே உரிய சங்கடம். அரியலூரைச் சுற்றி ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம், கீழப்பழுவூர், தளவாய் என்று சிமெண்ட் ஆலைகள். அவற்றுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள் இரவு பகல் ஓய்வதில்லை. இந்தக் கல் எல்லாம் ஒரு காலத்தில் கடலடியில் கிடந்த உயிர்களின் ஓடு. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கே கடல் இருந்ததற்குச் சாட்சியாக வாரணவாசியில் புதைபடிவ அருங்காட்சியகமே இருக்கிறது. சங்கும் உதட்டால் ஊதுகிற கருவிதான் என்று நினைத்துப் பார்த்தால் இதில் ஒரு வேடிக்கை தெரியும்: கடல் சிப்பிகள் பொடியாகி டிரம்பெட்காரனின் தொண்டையில் இறங்குகின்றன. வேடிக்கை அதோடு முடிந்தது. திறந்த வண்டியில், முன்னால் ஒரு கல் லாரி போகும்போது, ஆழமாக மூச்சிழுத்து ஊதுவதென்றால் அந்தப் பொடியைத் தேடிப் போய் நுரையீரலுக்குள் வாங்குவதுதான். வால்வுக்குள் போன தூசி எண்ணெயோடு கலந்து பிஸ்டனைப் பிடித்துக்கொள்ளும். ஊரில் போய் இறங்கினதும் இரண்டாவது பிஸ்டன் மேலே வராது.

சரி, உதட்டை விடுங்கள், குழலாவது சூடாகுமே என்பார்கள். இங்கேதான் பெரிய குழப்பம் இருக்கிறது. உதடு பதமாவதும் பித்தளை சூடாவதும் ஒன்றில்லை. குழலுக்குள் இருக்கும் காற்று சூடாக ஆக ஒலி அதில் வேகமாகப் போகும், சுருதி ஏறும். காற்றின் வெப்பம் ஒரு டிகிரி கூடினால் ஒலியின் வேகம் நொடிக்கு சுமார் 0.6 மீட்டர் கூடுகிறது. 24 டிகிரியில் ஏசி ஓடும் வேனிலிருந்து இறங்கி, சித்திரை வெயிலில் 40 டிகிரிக்குள் போனால், கணக்குப்படி சுருதி கிட்டத்தட்ட அரைச்சுரத்தில் பாதி உயர வேண்டும். குழலுக்குள் மூச்சின் சூடும் கலந்திருப்பதால் முழு வித்தியாசம் வராது. பாதி வந்தாலே போதும், யூஃபோனியமும் டிரம்பெட்டும் ஒட்டாமல் நிற்க. ஏசி இல்லாத திறந்த வண்டியில் கதை இன்னொரு பக்கம் போகிறது. மார்கழி விடியலில் ஓடுகிற வண்டியின் காற்று பித்தளையைக் குளிரவைத்துக்கொண்டே வரும். ஊதிச் சூடேற்றியது அப்படியே காற்றோடு போகும். எப்படிப் பார்த்தாலும், வண்டியில் சேர்த்த சுருதி வாசலில் நிற்காது. ட்யூனிங் ஸ்லைடை எவ்வளவு இழுக்க வேண்டும் என்பதை ஊதப் போகிற இடத்தின் காற்றில் நின்றுதான் பார்க்க முடியும். வழியில் பார்த்து வைத்தவன் இறங்கியதும் சரிபார்க்க மாட்டான், ஏனென்றால் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது என்று நினைத்திருப்பான். அதுதான் இதில் இருக்கும் கெடுதல்.

கொஞ்சம் படித்த வித்வான்கள் இன்னொரு வழி சொல்வார்கள். முழு வாத்தியமும் வேண்டாம், மௌத்பீஸை மட்டும் எடுத்து அதில் ஊதிக்கொண்டு வரலாம் என்று. சிகாகோ சிம்பொனியில் டியூபா வாசித்த ஆர்னால்டு ஜேக்கப்ஸ் போன்ற பெரிய ஆசான் இந்தப் பயிற்சியை ஆதரித்திருக்கிறார் என்று மேற்கோளும் காட்டுவார்கள். உண்மைதான். ஆனால் அவர் கற்றுக்கொடுத்தது காதையும் மூச்சையும் ஒழுங்குபடுத்த. உட்கார்ந்த இடம் அசையாத அறையில், ஒவ்வொரு சுரத்தையும் மனசுக்குள் பாடிவிட்டு ஊதும் பயிற்சி அது. குழலில்லாத மௌத்பீஸில் உதட்டுக்கு எதிரொலியின் தாங்கல் கிடையாது. டீசல் இன்ஜின் இரைச்சலில் தான் என்ன சுரம் ஊதுகிறோம் என்றே தெரியாதபோது, அந்தத் தாங்கலும் இல்லாமல் உதடு கூடுதலாக இறுகித்தான் வேலை செய்யும். மியூட் போட்டு ஊதலாம் என்பதும் இதே ரகம். பயிற்சி மியூட்டில் காற்றுக்குத் தடை கூடுதல், சுருதியும் நகரும். அதற்கு ஏற்றபடி பழகிய உதடு மியூட்டை எடுத்ததும் திணறும். பல்லுக்கு வரும் ஆபத்தோ அப்படியே இருக்கிறது.

சரித்திரத்தைக் கூப்பிடுகிறவர்களும் உண்டு. நியூ ஆர்லியன்ஸில் அந்தக் காலத்தில் வண்டியில் ஏறி ஊதிக்கொண்டே ஊர் சுற்றவில்லையா என்று கேட்பார்கள். சுற்றினார்கள். டிராம்போன்காரர் வண்டியின் பின்பலகையில் போய் உட்காருவார், ஸ்லைடை வெளியே நீட்ட வேறு இடம் கிடையாது என்பதால். அந்த வாசிப்புப் பாணிக்கே 'டெய்ல்கேட்' என்று பேர் வந்தது. ஆனால் அது குதிரை இழுத்த வண்டி. ஆள் நடக்கும் வேகத்தில் போனது. அவர்கள் நடன நிகழ்ச்சிக்கு விளம்பரம் செய்து போனார்கள், அதுவே கச்சேரி. அடுத்த கச்சேரிக்கு உதட்டைப் பதமாக்கியபடி அறுபது கிலோமீட்டர் வேகத்தில் போகவில்லை. டிராம்போன் ஸ்லைடை முழுக்க நீட்டினால் கிட்டத்தட்ட ஆறடி ஆகும். குட்டியானையின் தட்டு ஏழடிச் சொச்சம். மிச்சம் இருக்கும் ஒரு அடியில்தான் மற்ற எல்லோரும் உட்கார வேண்டும். வண்டிக்கு வெளியே நீட்டினாலோ, எதிரே வரும் கல் லாரியின் பக்கப்பலகைக்கு ஸ்லைடு ஒரு பொருட்டே இல்லை. இங்கிலாந்தின் குதிரைப்படை பேண்டு குதிரை மேல் ஏறி வாசிக்கிறதே என்றால், அந்தக் குதிரைகளும் ஊர்வல நடையில்தான் போகின்றன, வாசிப்பவர்கள் ஏறும் முன்பே தயாராகியிருப்பார்கள். நம் கோயில்களில் கொம்பும் எக்காளமும் திருச்சின்னமும் புறப்பாட்டில் நடந்தபடியே ஊதப்படுகின்றன. அவற்றில் வால்வு இல்லை, சில சுரங்கள்தான். ஊதுகிறவர் சுவாமிக்கு முன்னால், தன் காலில் நிற்கிறார். நடப்பதும் ஓடுகிற வண்டியில் குலுங்குவதும் வேறு வேறு.

காதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. டிரம்பெட் பக்கத்தில் சத்தம் 100 டெசிபலைச் சாதாரணமாகத் தாண்டும். அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் வரம்புப்படி, 100 டெசிபல் சத்தத்தில் ஒருவர் ஒரு நாளைக்கு இருக்கக்கூடிய நேரம் 15 நிமிடம். கண்ணாடி ஏற்றிய வேனில் நாலைந்து பேர் அரை மணி நேரம் ஊதிக்கொண்டு வந்தால், அன்றைய பங்கு நிகழ்ச்சி தொடங்கும் முன்பே தீர்ந்துபோகிறது. டிரைவரின் நிலைமை இன்னும் மோசம். பின்னால் வரும் ஆம்புலன்ஸ் அவர் காதுக்கு எட்டாது. சட்டமும் இருக்கிறது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி, மருத்துவமனை, பள்ளிக்கூடம், நீதிமன்றம் இவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பு அமைதி மண்டலம் ஆகலாம். அங்கே மேளம் கொட்டுவது, எக்காளம் ஊதுவது குற்றம் என்று அந்த விதியே சொல்கிறது. வழியில் எத்தனை ஆஸ்பத்திரியைக் கடக்கிறோம் என்று வண்டிக்குள் ஊதுகிறவர் எண்ணப்போவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் மாஸ்டர்களிடம் ஒரு பதில் இருக்கிறது. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "நீங்க சொல்றது எல்லாம் சரிதான். ஆனா இறங்கினதும் ஊதச் சொல்றாங்களே, நாங்க எங்கே போய்ப் பதம் பார்க்கிறது?" என்பது அந்தப் பதில். வேறு வழியில்லாததால்தான் வண்டியில் ஊதுகிறோம் என்கிறார்கள். வழியில்லாமல் செய்ததை, செய்ய வேண்டிய நல்ல முறை என்று அடுத்த தலைமுறைப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பதைத்தான் நான் மறுக்கிறேன். வண்டியில் ஊதிக்கொண்டு போகிற செட்டு, "எங்களுக்குத் தனியாக நேரம் வேண்டாம்" என்று அழைத்தவரிடம் சொல்லாமல் சொல்கிறது. அடுத்த முறை இன்னும் தாமதமாக வரச்சொல்லி, இன்னும் சீக்கிரமாகத் தொடங்கச் சொல்வார்கள். சொல்லவும் செய்கிறார்கள்.

அதே கல்யாணத்துக்கு வந்திருக்கும் நாகஸ்வர வித்வானைப் பாருங்கள். அவர் வந்து உட்காருகிறார். காபி வருகிறது. சீவாளிக் கொத்தை எடுத்து, ஒவ்வொன்றாக வாயில் வைத்து ஈரப்படுத்தி, ஊதிப் பார்த்து, ஒதுக்கி, கடைசியில் ஒன்றைப் பொருத்துகிறார். சுருதிப்பெட்டியோடு ஒட்டுகிறதா என்று பார்க்கிறார். பக்கத்தில் தவில்காரர் விரலுக்குக் கூடு மாட்டிக்கொள்கிறார். இவ்வளவும் நடக்கும் வரை பெண் வீட்டு மாமா கைகட்டிக் காத்திருக்கிறார். "கார்லயே சீவாளி பார்த்திருக்கலாமே" என்று அவரிடம் யாராவது கேட்பார்களா? கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது. பேண்டுக்காரனின் உதடுதான் அவனுக்குச் சீவாளி. அதைப் பார்த்துக்கொள்ள அவனுக்கு நாற்காலிகூடப் போடுவதில்லை. தஞ்சாவூர் சரபோஜி மன்னர் அரண்மனையில் மேற்கத்திய பேண்டு வைத்திருந்தார். கும்பினிப் படைகளோடும் பேண்டு வந்தது. அப்படி வந்த வாத்தியம் கல்யாண வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, தயாரிப்புக்கு நேரம் ஒதுக்கும் பழக்கம் மட்டும் வழியிலேயே தங்கிவிட்டது. இதில் வாத்தியத்தின் குறை எதுவும் இல்லை. வாசிக்கிறவர்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள் என்று பார்த்து மரியாதை அளக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் வண்டியில் என்ன செய்வது? தண்ணீர் குடிக்கலாம், வறண்ட உதடு எதற்கும் ஆகாது. வெற்றிலை பாக்கை வாசித்து முடிக்கும் வரை தள்ளிவைக்கலாம். வாத்தியம் உறைக்குள்ளேயே இருக்கட்டும். உதட்டைத் தளர்த்தி, குதிரை கனைக்கிற மாதிரி காற்றை விட்டுப் படபடக்கவைக்கலாம். இதற்கு மௌத்பீஸ் வேண்டாம். முதல் பாட்டைப் போனில் கேட்டபடி மெல்ல முனகிப் பார்க்கலாம், தொடையில் விரலை வைத்துப் பிஸ்டன் வரிசையைப் போட்டுப் பார்க்கலாம். மூச்சுப் பயிற்சி வேண்டுமானால் கண்ணாடி மூடிய வண்டியில் மட்டும். இல்லாவிட்டால் தூங்கலாம். முந்தின இரவு இன்னொரு ஊரில் ஊதிவிட்டு வந்தவனுக்குத் தூக்கத்தைவிட நல்ல தயாரிப்பு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இறங்கியதும் மண்டபத்துக்குப் பின்பக்கமோ மாதா கோயில் மதிலோரமோ நிழலான இடம் பார்த்து நின்று, கீழ் சுரத்தில் நீள மூச்சு, இடையில் ஓய்வு, பிறகு நடு சுரங்கள், கடைசியில் எல்லோரும் சேர்ந்து ஒரு சுருதி. பதினைந்து நிமிடம். "ஜனங்க முன்னாடி இப்படி அபஸ்வரமா ஊதிக்கிட்டிருந்தா மானம் போயிடும்" என்று தயங்குகிறவர்கள், நீள சுரம் அபஸ்வரமாகக் கேட்காது என்பதை முயன்று பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஊர்ப் பிள்ளைகள் கூடி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். பார்க்கட்டும். அதில் ஒருவன் நாளைக்கு டிரம்பெட் கேட்டு வருவான்.

மாஸ்டர்களே, அட்வான்ஸ் வாங்கும்போது வந்து சேரும் நேரத்தையும் வாசிப்புத் தொடங்கும் நேரத்தையும் தனித்தனியாக ரசீதில் எழுதி வாங்குங்கள். கல்யாண வீட்டாரே, விழாக் கமிட்டியாரே, அந்த இரண்டு நேரங்களுக்கும் நடுவே கால் மணி நேரம் விடுங்கள். ஒரு குடம் தண்ணீரும், செட்டில் எத்தனை பேரோ அத்தனை நாற்காலியும் போட்டு வையுங்கள்.